எண்பத்தேழு ஒட்டுப்பட்டைகளும் ஒரு சாட்சியும்

டெல்ஃபின் லாவொய் தம் அறுபத்தெட்டாம் வயதில், இதய வால்வு மாற்றும் அறுவைக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் வரை, சட்டப்படி செல்லக்கூடிய உயில் எதையும் முடித்திருக்கவில்லை. எழுதாமல் இருந்தார் என்று சொல்வது அநியாயம். ஏழாண்டுகளாக எழுதிக்கொண்டேதான் இருந்தார். வழக்கறிஞர் மிரியம் ஹாஸ்கலின் கோப்பில் பதினொரு வரைவுகள் தேதிவாரியாக அடுக்கப்பட்டுள்ளன. ஒன்றில்கூடக் கையெழுத்து இல்லை.

காரணம் அவர் வீட்டு நாற்காலிகளுக்கு அடியில் இருந்தது. வெர்மான்ட் மலைகளுக்கு நடுவே எங்கள் சிற்றூர் ஆஷ்பி கோரில் ஒரு வழக்கம் உண்டு. வயது ஏறியவர்கள் வீட்டுச் சாமான்களைக் கவிழ்த்து, அடியில் காகித ஒட்டுப்பட்டை ஒட்டி, தமக்குப் பிறகு அது யாருக்கு என்று பெயர் எழுதிவைப்பார்கள். அடுத்தவர் வீட்டு நாற்காலியைத் தூக்கி அடியில் பார்ப்பது இங்கே கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்குச் சமமான குற்றம். டெல்ஃபின் வீட்டில் ஒட்டுப்பட்டை இல்லாத பொருள் அடுப்பு மட்டுமே.

முப்பத்தோராண்டு பள்ளிப் பேருந்து ஓட்டியவர் அவர். ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழுள்ள அத்தனை பேரும் அவர் பேருந்தில் ஏறி இறங்கியவர்கள். இன்றும் அவர்களுக்கு அவர் 'மிஸ் டெல்'தான். யார் எந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள், யார் எந்த வளைவில் வாந்தி எடுத்தார்கள் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. பொருள்களைப் பிரித்ததும் அந்த நினைவை வைத்தே. ஆனால் பட்டைகள் நிலையாக இருக்கவில்லை. அவர் வீட்டுச் சாலையில் பனி அள்ள மறந்த ஊர்மன்ற உறுப்பினர் ஒருவர் இரண்டு குளிர்காலம் ஆடுநாற்காலியை இழந்திருந்தார். யாராவது நல்ல பாகுப்பலகாரம் கொண்டுவந்தால் ஒரு பட்டை உரிந்து இன்னொன்று ஒட்டும். ஒவ்வொரு உரிப்புக்கும் வழக்கறிஞருக்குத் தொலைபேசி போகும். வரைவு மாறும். கையெழுத்து தள்ளிப்போகும்.

சாமான்கள் மட்டும் என்றால் இதை வேடிக்கையாக விட்டுவிடலாம். அவரிடம் நாற்பத்திரண்டு ஏக்கர் மேப்பிள் தோப்பு இருந்தது. அதில் மேப்பிள் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகை, கீழே சரிவில் ஒரு சின்ன வீடு. அந்த வீட்டில் ஜூனி குட்ரோவும் அவளுடைய இரண்டு பெண்களும் குடியிருந்தார்கள். ஒன்பது வசந்தங்களாக மரங்களில் குழாய் இழுப்பது, சாறு இறக்குவது, இரவும் பகலும் காய்ச்சுவது எல்லாம் டெல்ஃபினும் ஜூனியும் சேர்ந்தே. இரத்த உறவு ஒன்றுமில்லை. டெல்ஃபினுக்குக் கணவரோ பிள்ளையோ இல்லை, பெற்றோரும் காலமாகிவிட்டார்கள். ஃப்ளோரிடாவில் ரோலண்ட் என்று ஒரு தம்பி மட்டும் உண்டு. உயில் இல்லாமல் அவர் இறந்தால், மரமும் கொட்டகையும் வீடும் சட்டப்படி ரோலண்டுக்குப் போகும். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையோடு ரோலண்ட் ஒரு மரவாடியின் விளம்பரத் தாளையும் வைத்து அனுப்பியிருந்தான்.

"அவனுக்கு மரத்தைப் பாத்தா இலை தெரியாது, பலகைதான் தெரியும்," என்றார் டெல்ஃபின், அறுவைக்குத் தேதி குறித்த பிப்ரவரியில்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் டெல். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்க," என்றாள் ஜூனி.

"வராமப் போனா?"

"வருவீங்க. நீங்க இல்லாம அந்தப் பாகு அடுப்பு யார் சொன்னாலும் கேக்காது."

அன்றிரவே பட்டைகளை இனி தொடுவதில்லை என்று டெல்ஃபின் முடிவெடுத்தார். வீடு முழுக்கக் கவிழ்த்துப் பார்த்து, எண்பத்தேழு பொருள்களையும் பெயர்களையும் தாமே வரிசையாக எழுதி மிரியத்துக்கு அனுப்பினார். நிலம் ஜூனிக்கு, மற்றவை பட்டியலின்படி. இதுவே பன்னிரண்டாம் வரைவு. அறுவை ஒரு வியாழக்கிழமை. மருத்துவமனைக்குப் புதன் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். அதற்கு முந்தைய நாள் மார்ச் மாதத்து முதல் செவ்வாய், அதாவது வாக்காளர்கள் மண்டபத்தில் கூடித் தீர்மானங்களுக்கு வாக்களிக்கும் எங்கள் ஊர்க்கூட்ட நாள். பனியில் சாலை மோசம் என்பதால், தாமே ஊர் மண்டபத்துக்கு வந்து அங்கேயே கையெழுத்தை முடித்துவிடுவதாக மிரியம் சொன்னார். வழக்கமாக அவருடைய உதவியாளர் இரண்டாம் சாட்சியாகக் கூட வருவார். அன்று அவருக்குக் காய்ச்சல். ஊரே கூடியிருக்கும் மண்டபத்தில் ஒரு சாட்சி கிடைக்காதா என்று மிரியம் தனியாகவே வந்துவிட்டார். முப்பதாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் செய்த ஒரே பிழை அது என்று நினைக்கிறேன்.

மதிய உணவு இடைவேளையில், மண்டபத்துக்குப் பின்னால் உள்ள ஊர் எழுத்தரின் அறையில் வேலை தொடங்கியது. எழுத்தர் பிலிஸ் மேசையைத் துடைத்து, பேனாவை எடுத்து, முந்திக்கொண்டார்.

"ஒரு சாட்சி நீங்க. இன்னொண்ணு நான் போடறேன். எங்கே போடணும்?"

"நீங்க கூடாது பிலிஸ்," என்றார் மிரியம்.

"ஏன், எனக்கு என்ன குறைச்சல்?"

"உயில்ல ஏதாவது வாங்கற ஆள் சாட்சி போட்டா, அந்த ஆளுக்குன்னு எழுதினது செல்லாமப் போயிடும். வீட்டுக்காரர் வாங்கறார்னா சம்சாரத்தையும் நான் சேத்துக்க மாட்டேன். நாளைக்கு ஒருத்தர் சந்தேகம் கிளப்பக் கூடாது."

பிலிஸ் பேனாவைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது. "அப்போ எனக்கு எழுதியிருக்காளா? என்னது?"

"சொல்ல மாட்டேன்," என்றார் டெல்ஃபின்.

"வேணும்னா எனக்குள்ளதை விட்டுக்கொடுத்துட்டு நான் கையெழுத்துப் போடறேன். ஆனா அது என்னன்னு தெரியாம எப்படி விட்டுக்கொடுக்கறது? முதல்ல என்னன்னு சொல்லு."

"கதவைச் சாத்திட்டு வெளியே போ பிலிஸ்."

பிலிஸ் போனார், கதவைச் சாத்தவில்லை. அவரைச் சாட்சியாக ஏற்க மறுத்த செய்தி அவித்த பீன்ஸ் தட்டுக்கும் பன்றித்தொடைக் கறிக்கும் நடுவே மண்டபத்தின் மறுகோடி வரை போய்ச் சேர மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மறுப்பு என்றால் பட்டியலில் பெயர் உண்டு என்று அர்த்தம். அதற்கு மேல் ஊர் எப்படிப் பொறுக்கும்? கையில் ஆப்பிள் பணியாரத் தட்டோடு வரிசை நின்றது.

"மிஸ் டெல், நான் போடட்டுமா சாட்சி?"

"நீயும் கூடாதுடா. அடுத்தது யாரு?"

"நான்?"

"நீயுமில்லை. சிரிக்காதே, எனக்கு ஆபரேஷன்."

சாலைப்பணி மேற்பார்வையாளர் டுவைட் ஆறடி மூன்றங்குலம். வாசலில் குனிந்து நின்றான். "எனக்குமா?" என்று கேட்டான்.

"என் பஸ்ல ரெண்டு தடவை வாந்தி எடுத்தவனுக்கு ஒரு வாளி வைக்காமலா போயிடுவேன்? செப்பு வாளி. உனக்குத்தான்."

"வேணும்னா பட்டியல்லேருந்து வாளியை அடிச்சுடுங்க மிஸ் டெல். நான் கையெழுத்துப் போடறேன்."

"நீ வாளியோட இரு. போய்ச் சாப்பிடு."

அந்த இடைவேளையில் வாக்காளர் பட்டியலையும் உயில் பட்டியலையும் அருகருகே வைத்துச் சரிபார்க்கும்படி மிரியம் என்னைக் கேட்டார். பழைய நிலப்பதிவுகளை அட்டவணைப்படுத்த அந்த அறையில் இரண்டாண்டுகளாக உட்கார்ந்திருப்பவன் நான். எனக்கும் நான்கு இழுப்பறை கொண்ட இரும்பு அலமாரி ஒன்று எழுதப்பட்டிருந்தது. கணக்கு இப்படி வந்தது: அன்று மண்டபத்துக்கு வந்திருந்த வாக்காளர் எழுபத்துநான்கு. அவர்களில் உயில் எழுதுபவர் ஒருவர். பட்டியலில் பெயருள்ளவர் அறுபத்தொருவர். அவர்களுடைய கணவர் அல்லது மனைவி பன்னிருவர். மீதி இல்லை.

"ஊருக்கே எழுதிட்டு ஊர்லயே சாட்சி தேடினா எப்படி டெல்ஃபின்?" என்று மிரியம் தலையில் கை வைத்தார்.

"ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸைக் கேட்டா?"

"அங்கே ஊழியர்கள் உயில்ல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு விதி. நானே ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன். நாளைக்கு எனக்குக் கோர்ட்டு. இன்னைக்கு ரெண்டு மணிக்குள்ள நான் கிளம்பலைன்னா மலைப்பாதை மூடிடும்."

ஜூனி சுவரோரம் நின்றிருந்தாள். கையிலிருந்த காகிதக் கோப்பையின் விளிம்பை விரலால் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். டெல்ஃபின் அதைப் பார்த்தார்.

"யாராவது ஒருத்தர் பேரை எடுத்துடலாம்," என்றார் மிரியம். "ஒரே ஒரு வரி போதும்."

"யார் பேரை? எல்லாரும் இப்பதான் வாசல்ல வந்து பல்லைக் காட்டிட்டுப் போனாங்க. யார் சிரிப்பைத் துடைச்சுவிடச் சொல்றீங்க?" டெல்ஃபின் பட்டியலை வாங்கி விரலை இறக்கிக்கொண்டே வந்தார். விரல் அறுபத்துநான்காம் வரியில் நின்றது. காது மடல் சிவந்தது. "இவன் வாசலுக்கு வரலை. இவனுக்குத் தெரியாது. இதை எடுத்துடுங்க."

மிரியம் எட்டிப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "ஹார்லன் ப்ராக்டனா?"

ஹார்லன் மனைவியை இழந்தவர், ஆப்பிள் தோட்டக்காரர், டெல்ஃபினோடு ஒரே வகுப்பில் படித்தவர். பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏலத்தில், ஆப்பிள் சாறு பிழியும் பழைய இரும்புச் செக்கு ஒன்றுக்கு இருவரும் கை தூக்கினார்கள். டெல்ஃபின் கையை இறக்கவில்லை; செக்கு அவருக்கே போனது. அவரிடம் ஆப்பிள் மரம் ஒன்றுகூடக் கிடையாது. அன்றிலிருந்து ஊர்க்கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டினால், லாவொய் முன்மொழிந்த ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ப்ராக்டன் எதிர்ப்பு, ப்ராக்டன் முன்மொழிந்தவற்றுக்கு லாவொய் எதிர்ப்பு என்று பதினேழு ஆண்டும் ஒரு பிறழ்வின்றிப் பதிவாகியிருக்கிறது.

பெயரை நீக்கிவிட்டால் போதும், காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றார் மிரியம். டெல்ஃபின் எழுந்து மண்டபத்துக்குள் நடந்தார். மூலை மேசையில் ஹார்லன் தனியாக உட்கார்ந்து பூசணிப் பணியாரம் தின்றுகொண்டிருந்தார்.

"ஹார்லன்."

"கூட்டம் இன்னும் மறுபடி ஆரம்பிக்கலையே. நான் இன்னும் எதையும் எதிர்க்கலை."

"ஒரு கையெழுத்து வேணும்."

ஹார்லன் முள்கரண்டியால் வரிசையைச் சுட்டிக் காட்டினார். "ஊரே உன் வாசல்ல போய் வாயெல்லாம் பல்லா திரும்பி வருது. என்னை மட்டும் நீ தேடிட்டு வர்றே. எனக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். அதைச் சொல்லவா மூச்சு வாங்க இவ்வளவு தூரம் நடந்தே?"

"இருந்துச்சு."

"என்ன இருந்துச்சு?"

"உனக்கும் ஒண்ணு இருந்துச்சு. இப்பதான் எடுக்கச் சொன்னேன். நீ சாட்சி போடணும்னா உன் பேரு அதுல இருக்கக் கூடாது. ஊர்ல வேற ஆள் மிச்சமில்லை."

"என்னது அது?"

"செக்கு."

முள்கரண்டி தட்டில் விழுந்தது. பக்கத்து மேசைகளில் பேச்சு தானாகவே தாழ்ந்தது.

"எப்பலேருந்து?"

"டேப்பு பழசுதான். பன்னெண்டு வருஷம் இருக்கும்."

"பன்னெண்டு வருஷமா என் பேரை அடியில ஒட்டி வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு கூட்டத்துலயும் எனக்கு எதிரா ஓட்டுப் போட்டியா?"

"ஓட்டு வேற, செக்கு வேற."

ஹார்லன் எழுத்தர் அறை வாசலில் வந்து நின்ற ஜூனியைப் பார்த்தார். "நான் போட்டா எனக்குச் செக்கு போச்சு. போடலைன்னா அந்தப் பொண்ணுக்கு வீடு போச்சு. அதானே?"

"செக்கை நாளைக்கே உன் வாசல்ல இறக்கச் சொல்றேன். உயிரோட இருக்கும்போது குடுக்கறதுக்கு உயில் எதுக்கு?"

"வேண்டாம். இன்னைக்குக் கையெழுத்து, நாளைக்குச் செக்குன்னா, உன் தம்பி வந்து நீ செக்கைக் குடுத்து வாங்கின சாட்சின்னு சொல்லுவான். நான் எடுத்துக்க மாட்டேன்."

"அவர் சொல்றது சரி," என்றார் பின்னாலேயே வந்திருந்த மிரியம்.

"பாத்தியா? முதல் தடவையா வக்கீலம்மாவே என் பக்கம்," என்று ஹார்லன் எழுந்தார். "ஆனா ஒரு நிபந்தனை."

"சாட்சி நிபந்தனை போட்டாச் செல்லுமா?" என்று டெல்ஃபின் மிரியத்தைக் கேட்டார்.

"உயிலுக்கு இல்லை, உனக்கு," என்றார் ஹார்லன். "அக்டோபர்ல என் ஆப்பிளை ஏத்திக்கிட்டு உன் வீட்டுக்கு வருவேன். உன் முற்றத்துல, உன் செக்குல பிழிவேன். நீ நின்னு கைப்பிடியைச் சுத்தணும். அதுக்கு நீ உசுரோட திரும்பி வந்தாகணும்."

டெல்ஃபின் அவரை எழுத்தரின் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

வரியைப் பேனாவால் அடிக்க மிரியம் ஒப்பவில்லை. உயிலில் அடித்தல் திருத்தல் இருந்தால் பின்னால் கேள்வி வரும் என்று, மடிக்கணினியில் அந்தப் பக்கத்தையே மாற்றி, பிலிஸின் இயந்திரத்தில் அச்சிட்டார். எண்பத்தேழு எண்பத்தாறு ஆனது. பிறகு தாம் உட்பட மூவரைத் தவிர எல்லாரையும் வெளியே அனுப்பி, கடைசிக் கையெழுத்து முடியும் வரை யாரும் அறையைவிட்டு நகரக் கூடாது என்றார். சாட்சிகள் இருவரும் டெல்ஃபின் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருவர் முன் ஒருவர் கையெழுத்திட வேண்டும். கதவைத் தாண்டி வந்த பேச்சை நாங்கள் எல்லாரும் கேட்டோம். ஒட்டுக்கேட்டோம் என்று எழுதினாலும் தவறில்லை.

"என் கண்ணாடி வண்டியில இருக்கு," என்றது ஹார்லனின் குரல்.

"போகக் கூடாது!" என்றன இரண்டு பெண் குரல்கள்.

"இந்தா, என்னோடதைப் போட்டுக்கோ."

"இது ரோஸ் கலர்ல இருக்கு."

"சாட்சிக்குக் கண்ணு தெரிஞ்சாப் போதும், அழகா இருக்க வேண்டாம்."

மிரியம் கேள்விகளைத் தொடங்கினார். இது உங்கள் உயிலா? படித்தீர்களா? உங்கள் சொத்து என்ன, யாருக்குப் போகிறது என்று தெரியுமா? யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா?

"என்னைக் கட்டாயப்படுத்தற ஆள் இன்னும் பொறக்கலை."

"அதுக்கும் நான் சாட்சி," என்றார் ஹார்லன். "பதினேழு வருஷத்து அனுபவம்."

ஒன்று ஐம்பத்திரண்டுக்குக் கதவு திறந்தது. ஜூனி டெல்ஃபினிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இப்ப அழாதே, ஒன்பதாவது தீர்மானத்துக்கு ஓட்டுப் போடணும், கையைத் தூக்கணும்," என்று அவளைத் தள்ளிக்கொண்டு போனார் டெல்ஃபின். ஒன்பதாவது, நூலகக் கூரையைப் பழுது பார்க்க டெல்ஃபின் கொண்டுவந்த தீர்மானம். ஹார்லன் எழுந்து நின்று, தலையில் மறந்து செருகியிருந்த ரோஸ் கண்ணாடியோடு, உரத்த குரலில் எதிர்ப்புத் தெரிவித்தார். மண்டபம் சிரித்து அடங்க இரண்டு நிமிடமாயிற்று. தீர்மானம் நிறைவேறியது, எதிர்ப்பு ஒன்று.

அறுவை நல்லபடி முடிந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில், கடைசிச் சாறு இறங்கும்போது, டெல்ஃபின் கொட்டகையில் போர்வை சுற்றி உட்கார்ந்து, ஜூனி செய்த ஒவ்வொன்றிலும் குறை கண்டார். ஜூனி ஒன்றுக்கும் மறுபேச்சுப் பேசவில்லை. மறுபேச்சு மே மாதம் தொடங்கியது. உயிலின் மூலப்பிரதி நீதிமன்றக் காப்பில் உள்ளது. நகல் எங்கள் அறையின் இரும்புப் பெட்டியில்.

எதிர்பாராத விளைவு ஒன்றும் உண்டு. ஊர்க்கூட்டத்துக்குப் பிறகு ஆஷ்பி கோர் மக்கள் தத்தம் வீட்டு நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்து, வெறும் பட்டை சட்டத்தின் முன் நிற்காது என்று விழித்துக்கொண்டார்கள். அந்தக் கோடையில் மட்டும் ஒன்பது உயில்கள். ஒன்பது பேருக்கும் அதே சிக்கல்: எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ வைத்திருந்தார்கள். ஒன்பதிலும் மிரியத்துக்குக் கீழே ஹார்லன் ப்ராக்டனின் கையெழுத்து இருக்கிறது. யாராவது ஒரு கோடாலியையோ குதிரைச் சேணத்தையோ அவருக்கு எழுதிவைக்க முயன்றால் கோபித்துக்கொள்கிறார்.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, வண்டி நிறைய ஆப்பிளோடு அவர் டெல்ஃபினின் முற்றத்துக்கு வந்தார். செக்கைக் கழுவச் சாய்த்தபோது அடியில் பழுப்பேறிய பட்டை தெரிந்தது. ஹார்லன் என்ற பெயர் அப்படியே இருந்தது.

"இதை இன்னும் உரிக்கலையா?" என்றார் ஹார்லன்.

"அதுக்கு இப்ப சட்டப்படி அர்த்தமில்லைன்னு மிரியம் சொல்லிட்டாங்க. கிடந்துட்டுப் போகட்டும்." டெல்ஃபின் கைப்பிடியைப் பற்றினார். "ஆனா ஒண்ணு யோசிச்சேன். அடுத்த தடவை உயிலை மாத்தும்போது உன் பேரைத் திரும்பச் சேத்துடலாம்னு."

"சேத்தா அதுக்கு யார் சாட்சி போடுவா?"

டெல்ஃபின் கைப்பிடியை விட்டுவிட்டு யோசித்தார். தோப்பிலிருந்து இறங்கிவந்த ஜூனி குடத்தைச் செக்கின் வாய்க்கு அடியில் வைத்தாள்.

"சுத்து, சுத்து," என்றார் ஹார்லன். "பேசிக்கிட்டே நின்னா சாறு தானா வருமா?"